ஒற்றை ஆள் வரிசை

அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகள் சுமலதா பக்கத்தில், வேறு காது இல்லாத இடத்தில், கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். "நெசமா உனக்குப் போக இஷ்டமா கண்ணு?" என்று கேட்க வேண்டும். அவள் இல்லையென்று தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம், அடுத்த கோத்தகிரி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிடுவேன்.

இதைக் கேட்க மேட்டுப்பாளையம் அடிவாரத்துத் தண்ணீர்ப் பார்க் வரைக்கும் வர வேண்டுமா, வீட்டிலேயே கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே அறை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மாத்திரை வேண்டுமா என்று கேட்பார்கள். அதோடு என் பெண்டாட்டி வனிதா ஒரு வாரம் அழுது முடித்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லைப் புரட்ட எனக்குத் தைரியமில்லை. சுமலதாவோ ஏஜென்ட் வந்துபோன நாளிலிருந்து என் முகத்தையே பார்க்காமல் நடமாடினாள்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. கட்டபெட்டுப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் முதலில் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். நான் அதில் பாய்லர் வேலைக்காரன். பிறகு காட்டு வேலையும் நின்றது. பேச்சுவார்த்தை நடத்தி வருகிறேன் என்று கோயம்புத்தூருக்கு இறங்கிய முதலாளி இன்றுவரை பேசிக்கொண்டேதான் இருக்கிறார் போலிருக்கிறது. கிள்ள ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாக வளர்ந்தது. தேயிலை நிழலில் மனுஷன் ஒதுங்கி நிற்கும் பாக்கியம் எங்களுக்குத்தான் வாய்த்தது. கேரட் காட்டில் கூலி கிடைத்த நாளில் சோறு, கிடைக்காத நாளில் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீர்.

அப்போது வந்து சேர்ந்தவன்தான் தனசிங். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாய் நிறைய சிரிப்பு. அவிநாசிப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்குப் பெண் பிள்ளைகள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்ட். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே இருக்க வேண்டும், முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. "ராசு அண்ணே, உங்க புள்ளைய என் தங்கச்சி மாதிரி பாத்துக்குவேன்" என்றான். மலை முழுக்க அவனுக்கு எத்தனை தங்கச்சிகள் என்று அவனுக்கே கணக்கு இருக்காது.

போகிற வழியில் பார்க்கில் இறக்கிக் காட்டியதும் அவனுடைய ஏற்பாடுதான். மில் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே டூர் கூட்டி வருவார்களாம். அதே நாளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் வேனில் ஏற்றி வந்தான். வனிதா சின்னப் பையன்களோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். "பாருங்க, எங்க புள்ளைங்க எப்படிச் சந்தோசமா இருக்குதுங்கன்னு நீங்களே பாருங்க" என்று கை நீட்டிக் காட்டினான். பார்த்தோம். ஒரே நிறச் சுடிதார், தலை நிறைய பூ, மூன்று மூன்று பேராக நடந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் போய்ப் பேசலாம் என்றால் குடையோடு ஒரு வார்டனம்மா குறுக்கே வந்து நின்றாள். "லைன் கலைஞ்சிருமுங்க, தூர இருந்தே பாருங்க."

சாப்பாடு முடிந்ததும் வேன் கிளம்பும். பிள்ளைகள் மில்லுக்கு, நாங்கள் பஸ் ஏறி மலைக்கு. காலையிலிருந்து சுமலதா மற்றப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தாள். நான் கிட்டே போனால் தனசிங் நிழல் மாதிரி கூடவே வந்தான். பெற்றவர்களும் பிள்ளைகளும் கடைசி நேரத்தில் தனியாகப் பேசினால் காரியம் கெடும் என்று அவனுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவன்.

அப்போதுதான் அந்தப் படகைப் பார்த்தேன். சிமெண்டில் ஒரு குன்று கட்டி, நான்கு பேர் உட்காரும் படகைச் சங்கிலியால் மெல்ல மேலே இழுத்துப்போய், உச்சியிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார்கள். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர். முன்னே போன படகு கீழே விழும்வரை பின்னால் வருவது பாதி வழியில் நின்று நின்று ஏறியது. பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா? தனசிங் வெள்ளைச் சட்டையை நனைக்க மாட்டான்.

"சுமா, வா, அந்தப் படகுல போலாம்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தபடி வந்தாள். வந்தாளே, அதுவே போதும் என்றிருந்தது.

பெரிய வரிசை நின்றது. கம்பிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து, ஐஸ் கடையைத் தாண்டி, கக்கூஸ் வரைக்கும் ஆட்கள். கேரளாக்காரர்கள் ரெண்டு பஸ் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். வாசலில் விசிலோடு நின்ற பையனிடம் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரம் ஆகுங்க" என்றான். அதற்குள் என் மகள் அவிநாசி போய்ச் சேர்ந்துவிடுவாள்.

என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது போல. பக்கவாட்டில் ஒரு சின்ன வரிசையைக் காட்டினான். "தனியா வந்திருந்தா அதுல நில்லுங்க. படகுல ஒரு சீட் காலியா இருந்தா அதுல ஏத்தி விட்டுருவேன். வெரசாப் போயிரலாம்." ஒற்றை ஆள் வரிசை என்று பலகையில் எழுதியிருந்தது. மூன்று பேராக வந்த கூட்டம் ஏறினால் ஒரு இடம் மிச்சம், அதை நிரப்ப ஒரு தனி ஆள். சீட்டு வீணாகாது, காத்திருக்கிறவனுக்கும் லாபம்.

நான் சுமலதாவை இழுத்துக்கொண்டு அதில் போய் நின்றேன். இரண்டு இடம் காலியாக ஒரு படகு வந்துவிட்டால் போதும், நாங்கள் இருவரும் ஒன்றாக ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களை, வயசான ஒரு செட்டியாரை, ஒவ்வொருவராக "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னே அனுப்பி, அந்த இரண்டு இடத்துக்காகக் காத்து நின்றேன். என்ன நல்ல மனுஷன் என்று அந்தச் செட்டியார் நினைத்திருப்பார்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். எஸ்டேட்டில் விடிகாலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்களே, ஒரு வீட்டு ஆட்களைச் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். அப்பன், ஆத்தா, பிள்ளை எல்லாருக்கும் ஒரே மலையில் ஒரே தேயிலை நிரை. கொழுந்து நிறுக்கும்போதும் ஒரே வீட்டுக் கூடைகளை அடுத்தடுத்து வைப்பார்கள். ஒரே வீடு என்று சொன்னால் கணக்கப்பிள்ளைகூடப் பிரிக்க மாட்டார். பிறந்ததிலிருந்து இப்படியே பழகியவன் நான். அதனால் விசில்காரப் பையனிடம் போய், ரகசியம் சொல்வது மாதிரி, "தம்பி, நாங்க ஒரே ஊட்டு ஆளுங்க, சேத்து ஏத்திவிடு" என்றேன்.

"ஒரே ஊடா? அப்ப இங்க எதுக்கு நிக்கறீங்க? இது தனியா வந்தவங்களுக்கு. போங்க, பெரிய வரிசைல போய்க் கடைசியா நில்லுங்க" என்று சத்தமாகச் சொன்னான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தன், "ஏமாத்துறதுக்குன்னே வர்றாங்க" என்றான்.

பெரிய வரிசைக்குப் போனால் எல்லாம் முடிந்தது. கையில் இருந்த நேரம் அவ்வளவுதான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இல்லீங்க தம்பி, சும்மா சொன்னேன். இந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது."

பையன் சுமலதாவைப் பார்த்தான். "ஏம்மா, தனியாவா வந்தே?"

அவள் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒரு வாரமாகப் பார்க்காதவள், அப்போது பார்த்தாள். பிறகு அவனிடம், "ஆமாங்க, தனியாத்தான்" என்றாள்.

சாடை காட்டி விளக்கலாமென்றால் அதற்குள் ஒரு படகு வந்து நின்றது. மில் பிள்ளைகள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், ஒரு இடம் காலி. "சிங்கிள், சிங்கிள், வாம்மா" என்று பையன் விசிலடித்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். வார்டனம்மா வேண்டாம் வேண்டாம் என்று குடையை ஆட்டினாள். "சீட் காலியாப் போகக் கூடாதுங்க மேடம், மொதலாளி திட்டுவாரு" என்று பையன் படகைத் தள்ளிவிட்டான்.

அடுத்த படகிலும் மில் பிள்ளைகள்தான். அதிலும் மூன்று பேர். பையன் என் தோளைப் பிடித்துப் பின் இருக்கையில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். "அப்பா மாதிரி இருக்காரு, கூச்சப்படாம உக்காரும்மா."

என் படகு ஏறத் தொடங்கியபோது அவள் படகு எங்களுக்கு மேலே பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அவள் பின்னந்தலையும் வனிதா கட்டிவிட்ட சிவப்பு ரிப்பனும் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்காது, சங்கிலிச் சத்தம் அப்படி. எதற்காக அந்த வரிசையில் நின்றேனோ அது போயே போய்விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவும் இல்லை.

பக்கத்துப் பிள்ளை சிரித்தபடியே இருந்தாள். படகு முதல் வளைவில் திரும்பி, வார்டனம்மா கண்ணிலிருந்து மறைந்ததும், அவள் முகத்திலிருந்து சிரிப்பு சட்டென்று இறங்கிவிட்டது. விளக்கை அணைத்த மாதிரி.

"மேல இருந்து வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"கட்டபெட்டும்மா."

"நான் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம். பேரு பிரிஸில்லா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தேயிலை வெலை ஏறிடுச்சுங்களா?"

இதைப் போய் ஏன் கேட்கிறாள் என்று புரியாமல் அவளைப் பார்த்தேன்.

"வெலை ஏறுனதும் வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்னு எங்கப்பா சொல்லியிருக்காருங்க. மில்லுல பேப்பர் குடுக்க மாட்டாங்க. அதான் மேல இருந்து வர்றவங்களைப் பாத்தாக் கேக்கறது."

"கொஞ்சம் ஏறியிருக்கு கண்ணு" என்றேன். பச்சைப் பொய். உண்மையைச் சொல்ல என் வாய் ஒத்துழைக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

"எம் பொண்ணும் இன்னைக்கு அங்க சேர வர்றா. முன்னால படகுல இருக்கா" என்றேன். "எப்படிம்மா இருக்கும் அங்க?"

அவள் முன்னே இருந்த இரண்டு பிள்ளைகளின் முதுகைப் பார்த்தாள். அவர்கள் திரும்பவில்லை. படகு நின்றிருந்தது. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி மளமளவென்று சொன்னாள். பஞ்சு தூசு மூக்கிலும் வாயிலும் ஏறும், துணி கட்டிக்கொண்டாலும் இருமல் நிற்காது. ராத்திரி ஷிப்டில் கண் சொருகினால் மெஷின் விரலைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு பிள்ளைகளுக்கு அப்படி ஆகிவிட்டது. கேட்டுக்கு வெளியே விட மாட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் வார்டனம்மா திறந்து படிப்பாள். மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் ஏதாவது குற்றம் சொல்லி அனுப்பிவிட்டால் மொத்தத் தொகை கிடையாது.

"சோறு மட்டும் மூணு வேளையும் போடுவாங்க" என்றாள், குறை சொல்லிவிட்டோமோ என்று பயந்தவள் போல. "இன்னைக்கு ஏஜென்ட் கூட்டிட்டு வர்றவங்க பாப்பாங்க, எல்லாரும் சிரிச்சுட்டே இருக்கணும்னு சொல்லித்தான் பஸ்ஸுல ஏத்துனாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

மேலே சுமலதாவின் படகு உச்சியில் ஒரு நிமிஷம் நின்று கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிள்ளைகள் கத்துவது கேட்டது. பிறகு நாங்களும் உச்சிக்கு வந்தோம். அங்கிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரியும். பிரிஸில்லா அந்தப் பக்கம்தான் பார்த்தாள். விழுந்து தண்ணீரில் மோதி நனைந்து எழுந்தபோது அவள் மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தாள். வார்டனம்மா கீழே குடையோடு நின்றிருந்தாள்.

நான் படகு நிற்பதற்குள் குதித்தேன். அந்த வயசில் அப்படி ஓடியிருக்கக் கூடாது, ஈரச் செருப்பு வழுக்கி இரண்டு இடத்தில் விழுந்தேன். சுமலதாவை எங்கேயும் காணோம். ஊஞ்சல் பக்கம் தேடினேன், துணி மாற்றும் இடத்துக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "வேன்ல ஏறிக்கிட்டிருக்காங்க" என்று யாரோ சொன்னார்கள். வாசலுக்கு வந்தால் வேன் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள். தலை நனைந்திருந்தது. பை மடியில்.

"சுமா, எறங்கு."

"பரவால்லப்பா. நான் போறேன்."

"அங்க எப்படின்னு உனக்குத் தெரியாது கண்ணு. எறங்கு."

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் போவலைன்னா தம்பிகளுக்கு என்னப்பா பண்ணுவீங்க?"

நாளெல்லாம் அவள் விருப்பம் என்னவென்று கேட்கத் தவித்தவன் நான். இப்போது அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான், அது கிடைக்காவிட்டால் கேள்வியே வேண்டாம் என்று அப்போதுதான் புரிந்தது.

தனசிங் வந்து தோளில் கை போட்டான். "ராசு அண்ணே, பாசம் இருக்க வேண்டியதுதான். நேரமாகுது பாருங்க." நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வேன் படியில் ஏறி நின்றேன். உள்ளே இருந்த எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.

"வரிசையில நின்னப்ப உன்னைய யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன். அது பொய். எல்லாரும் கேட்டுக்கங்க, இது எம் புள்ள. நான் பெத்த புள்ள. பட்டினியோ கிட்டினியோ என் ஊட்டுல கெடக்கட்டும். எறங்கு கண்ணு, உங்கப்பன் கால்ல வேணாலும் விழுவான்."

அழுதுகொண்டேதான் சொன்னேன். சுமலதா எழுந்தாள். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், தலையிலிருந்து வழிந்த தண்ணீரில் சரியாகத் தெரியவில்லை. இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உலகமே கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தனசிங் கோபிக்கவே இல்லை. "உங்க இஷ்டம். ஆனா சீட்டு காலியாப் போகாதுண்ணே" என்றான். கேட் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான்.

பார்க் மதில் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பிளை எழுந்து ஓடி வந்தாள். எங்கள் கடைசி லைனில் இருக்கும் மருதாயி. புருஷன் செத்தவள். கூட அவள் மகள் வேலாமணி, சுமலதாவின் வகுப்புப் பிள்ளை, கையில் ஒரு துணிப்பை. இடமில்லை, யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்று தனசிங் சொல்லியிருந்தானாம். உள்ளே வர டிக்கெட் இல்லாமல், காலை பஸ்ஸில் வந்ததிலிருந்து வாசலிலேயே காத்திருந்திருக்கிறாள், யாராவது ஒருத்தர் இறங்குவார்களா என்று.

நான் குறுக்கே போனேன். "மருதாயி, வேண்டாம். நான் அங்க இருக்கற ஒரு புள்ளகிட்டயே பேசிட்டு வர்றேன். நரகம் அது. கேளு சொல்றேன்."

பிரிஸில்லா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. மருதாயி வேலாமணியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடியே கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூணு வேளையும் சோறு போடுவாங்கன்னு ஏஜென்ட் சொன்னாருங்கண்ணே. அது பொய்ங்களா?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் மனசறிந்து இரண்டு பொய் சொன்னவனுக்கு மூன்றாவது வரவில்லை. "அது... போடறாங்களாம்" என்றேன்.

"அது போதுங்கண்ணே" என்று மகளைப் படியில் ஏற்றிவிட்டாள்.

வேலாமணி சுமலதா எழுந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். வேன் நகரும் சமயத்தில் சுமலதா என் கையை உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"வேலா, மூஞ்சில எப்பவும் துணி கட்டிக்க. நைட் ஷிப்டுல தூக்கம் வந்தா நாக்கைக் கடிச்சுக்க, மெஷின்கிட்ட மட்டும் கையக் கொண்டு போகாதே. லெட்டர்ல எதையும் எழுதாதே, படிப்பாங்க. மூணாவது வருசம் யார்கூடயும் பேசவே பேசாதே, சண்டைன்னு சொல்லி அனுப்பிருவாங்க."

வேன் வேகமெடுத்துப் போய்விட்டது. நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வதும் சண்டைப் பழியும் நான் மருதாயியிடம் சொன்னதில் இல்லை. அவள் படகிலும் மூன்று மில் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் என் மகள் துணி மாற்றக்கூட நிற்காமல் ஓடிப்போய் அந்த வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.